இரைச்சலுக்குள் ஒரு மெட்டு

எஸ்ஸன்: நெடுஞ்சாலைக்கு வடக்கே

டுசல்டோர்ஃபிலிருந்து எஸ்ஸன் போகும் ரயிலில் ஜன்னல் நிறைய மரங்கள். மேற்கு ஜெர்மனியின் ரூர் வட்டாரம் என்றால் கரியும் புகையும் என்று பள்ளிப் புவியியலில் படித்தவர்களுக்கு இந்தப் பச்சையை நம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஜெர்மனியின் நிலக்கரியும் எஃகும் இந்த மண்ணிலிருந்துதான் போயின. எஸ்ஸன், க்ரூப் ஆலையின் ஊர். நம்முடைய ரூர்கேலா எஃகு ஆலையை 1950களில் எழுப்பித் தந்த மேற்கு ஜெர்மன் நிறுவனங்களில் க்ரூப்பும் ஒன்று.

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். எனக்குத் தெரிந்த சுரங்கம் வானம் பார்த்தது. மேல்மண்ணை அள்ளி ஒதுக்கிவிட்டு, பழுப்பு நிலக்கரியை வெயிலிலேயே வெட்டி எடுப்பார்கள். விளிம்பில் நின்றால் அடிவரை தெரியும். ரூரில் கடைசிக் காலத்துச் சுரங்கங்கள் ஆயிரம் மீட்டருக்கும் கீழே போயின. மேலே தெருவும் கடையும் பள்ளிக்கூடமும் அதன்போக்கில் நடந்துகொண்டிருக்க, கீழே இருட்டுக்குள் ஆட்கள்.

ஆனால் என்னை இங்கே இழுத்துவந்தது கரி இல்லை. கல்லூரி விடுதியில், பிரதிக்குப் பிரதி எடுத்துத் தேய்ந்துபோன ஒரு கேசட்டில் நான் கேட்ட இசைக்குழு. பெயர் க்ரியேட்டர். 1982இல் எஸ்ஸனின் வடக்குப் பகுதியில் பதின்வயதுப் பையன்கள் தொடங்கியது. கொஞ்ச காலம் 'டார்மென்டர்' என்ற பெயரில் வாசித்துவிட்டுப் பிறகு க்ரியேட்டர் ஆனார்கள். அவர்கள் வாசித்தது த்ராஷ் மெட்டல். கிட்டாரின் தடித்த தந்தியை உள்ளங்கை ஓரத்தால் அமுக்கி, அது முழுதாக ஒலிக்கும் முன்பே அடுத்த அடி, அடுத்த அடி என்று விடாமல் மீட்டுவார்கள். டிரம்ஸ் அதைத் துரத்தும். குரல் பாடாது, கத்தும். இந்த இசையில் மெட்டுக்கு இடமில்லை என்பதையே ரசிகர்களில் பலர் பெருமையாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட குழு பின்னாளில் மெட்டின் பக்கம் திரும்பியது. இசைந்துபோய்விட்டார்கள், வயதாகிவிட்டது, விலைபோய்விட்டார்கள் என்று பேச்சு எழுந்தது. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இருந்ததில்லை. அந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்பதை அது பிறந்த ஊரிலேயே கேட்டுப் பார்க்க விரும்பினேன்.

எஸ்ஸனைக் கிழமேற்காக ஏ40 நெடுஞ்சாலை வெட்டிக்கொண்டு போகிறது. தெற்கே க்ரூப் குடும்பத்தின் வில்லா ஹூகல் மாளிகை, பால்டெனை ஏரி, அகலமான வீடுகள். வடக்கே சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகள், துருக்கிக் காய்கறிக் கடைகள், அரபி எழுத்தில் பெயர்ப் பலகைகள், வாடகை மலிவான அடுக்குமாடிகள். க்ரியேட்டரின் பாடகரும் கிட்டார் கலைஞருமான மில்லே பெட்ரோஸா இத்தாலியத் தந்தைக்குப் பிறந்து இந்த வடக்கில் வளர்ந்தவர். சாலையின் எந்தப் பக்கம் பிறந்தோம் என்பது வாழ்க்கையில் எவ்வளவோ தீர்மானிக்கும் என்று இங்கே யாரும் விளக்க வேண்டியதில்லை. சுரங்க ரயிலில் நாலைந்து நிறுத்தம் போனாலே தெரிந்துவிடுகிறது.

ஆல்ட்டனெஸ்ஸன்: கார்ல் சுரங்கம்

எஸ்ஸனின் வடக்குப் பேட்டையான ஆல்ட்டனெஸ்ஸனில் இருக்கும் கார்ல் சுரங்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தோண்டப்பட்டது. குழிக்கு மேல் கட்டிய செங்கல் கோபுரம் இன்னும் நிற்கிறது. இரும்புச் சட்டகங்கள் வருமுன் கட்டப்பட்ட கோட்டை போன்ற தடித்த சுவர்கள். இந்த வகைக் கோபுரத்துக்கு மாலக்கோவ் என்று பெயர். கரி எடுப்பது 1929இலேயே நின்றுவிட்டது. 1970களின் பிற்பகுதியில் இளைஞர்கள் போராடி இதைப் பண்பாட்டு மையமாக மாற்றினார்கள். ஒத்திகைக்கு இடம் கிடைக்காமல் அலைந்த குழுக்களுக்கு இங்கே அறைகள் கிடைத்தன. க்ரியேட்டர் ஒத்திகை பார்த்தது இங்கேதான். 1989இல் தாமஸ் ஷாட் என்ற இயக்குநர் இந்தக் குழுவையும் இந்தப் பேட்டையையும் வைத்து 'த்ராஷ், ஆல்ட்டனெஸ்ஸன்' என்று ஓர் ஆவணப்படமே எடுத்தார்.

முதல் ஆல்பம் 'எண்ட்லெஸ் பெய்ன்' 1985இல் வந்தது. அடுத்த ஆண்டு 'பிளஷர் டு கில்'. இரண்டையும் பெர்லினில் பதிவு செய்தார்கள். இரண்டாவது ஆல்பம் உலகம் முழுக்க அதிதீவிர மெட்டல் இசைக்கு விதை போட்டது என்பதில் இன்று யாருக்கும் மாறுபாடில்லை. அதை உருவாக்கியவர்களுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்கவில்லை. கைக்கு எட்டியதைவிட வேகமாக வாசிக்க முயன்ற பையன்கள் அவர்கள். சில இடங்களில் டிரம்ஸ் தடுமாறுவதும் கேட்கும். அந்தத் தடுமாற்றமும் சேர்ந்துதான் அந்த இசை என்று நினைக்கிறேன்.

கோபுரத்துக்கு அருகே ஒரு மதுக்கூடத்தில், மேசையைப் பகிர்ந்துகொண்ட இருவரிடம் பேச்சு வளர்ந்தது. ஐம்பது வயது கடந்த ஒரு பெண்மணி, மருத்துவமனைச் செவிலி. அவருடன் பேருந்து ஓட்டுநராக இருக்கும் பழைய நண்பர். மேசையில் ஸ்டவுடர் பியர். இதே ஆல்ட்டனெஸ்ஸனில் வடிப்பது என்பதால் வேறொன்றைக் கேட்பதை இங்கே யாரும் விரும்புவதில்லை. சாப்பிட கறிவுர்ஸ்ட்: பன்றி இறைச்சித் தொத்திறைச்சியைத் துண்டு போட்டு, தக்காளிச் சாற்றை ஊற்றி, மேலே கறிப்பொடி தூவித் தருகிறார்கள். பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல். மல்லியும் மிளகாயும் வறுத்து அரைத்த வாசனைக்குப் பழகிய நாக்குக்கு இந்தப் பொடி மிக மெல்லியது. ஆனால் வேலை முடிந்து நின்றபடி சாப்பிடுபவர்களுக்கு நடுவே அது சூடாக வரும்போது பசிக்குப் பொருத்தமாகவே இருந்தது. மில்லே இறைச்சி மட்டுமல்ல, பாலும் தொடாதவர் என்பதை அந்தப் பெண்மணி நினைவூட்டினார். மில்லேவுக்கும் இந்தப் பேட்டையில் இப்போது சைவக் கறிவுர்ஸ்ட் கிடைக்கும் என்றார் ஓட்டுநர்.

'எண்டோராமா' என்று நான் சொன்னதும் மேசை சூடானது. 1999இல் வந்த ஆல்பம் அது. க்ரியேட்டர் வேகத்தைக் கைவிட்டு, கோதிக் பாணியில் மெதுவாக, கீபோர்டு சேர்த்து எடுத்தது. மில்லே கத்துவதை விட்டுப் பல இடங்களில் பாடினார். தலைப்புப் பாடலில் லாக்ரிமோஸா குழுவின் டிலோ வோல்ஃபும் சேர்ந்து பாடியிருப்பார். ஓட்டுநர் அதை வாங்கிய வாரத்திலேயே விற்றுவிட்டாராம். "என் கோபத்தை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் திரை போட்டு மூடிவிட்டார்கள்" என்றார். பெண்மணிக்கு எதிர்க்கருத்து. அந்த ஆண்டு அவர் தாயை இழந்திருந்தார். கத்துவதற்குத் தெம்பில்லாத மாதங்களில் அந்த ஆல்பம்தான் உடனிருந்தது என்றார். "அதே ஆள், அதே வலி, வேறு குரல். அவ்வளவுதான்."

இருவரும் இருபத்தைந்து ஆண்டுகளாக இதே சண்டையைப் போடுகிறார்கள் போலிருந்தது. இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்குமுன் பத்தாண்டுகளில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1989இல் பக்கத்து ஊர்க் குழுவான சோடமிலிருந்து ஃபிராங்க் பிளாக்ஃபயர் என்ற கிட்டார் கலைஞர் க்ரியேட்டருக்கு வந்தார். 1990இன் 'கோமா ஆஃப் சோல்ஸ்' ஆல்பத்தில் அவருடைய தனி வாசிப்புகளில் மெட்டு எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. பிறகு 1992இல் 'ரினியூவல்', 1997இல் 'அவுட்காஸ்ட்' என்று, த்ராஷின் மவுசு குறைந்துவிட்ட காலத்தில் அவர்கள் ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். 'எண்டோராமா' அந்தத் தேடலின் எல்லை. ஒருவர் பாடக் கற்றுக்கொள்வதற்கு, கத்துவதைச் சில காலம் நிறுத்தத்தான் வேண்டியிருக்கும்.

சோல்ஃபெராய்ன்: 12ஆம் சுரங்கக் குழி

ஆல்ட்டனெஸ்ஸனிலிருந்து சோல்ஃபெராய்ன் சுரங்கம் நடக்கும் தூரம்தான். 1932இல் திறந்த 12ஆம் குழியின் கட்டடங்களை ஃபிரிட்ஸ் ஷுப், மார்ட்டின் க்ரெம்மர் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தார்கள். சிவப்பு இரும்புச் சட்டகமும் செங்கலும் கண்ணாடியும் நேர்கோட்டில் நிற்கின்றன. ஒரு வளைவும் அலங்காரமும் கிடையாது. நடுவில் உயரும் இரும்புக் கோபுரத்தின் படத்தை இந்த வட்டாரத்தில் சட்டையிலும் கோப்பையிலும் எங்கும் பார்க்கலாம்.

சுற்றிக் காட்டியவர் ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி. 'க்ளுக் அவுஃப்' என்று சுரங்கத்தார் வணக்கம் சொல்லித் தொடங்கினார். கரி வண்டிகள் வந்து கவிழ்ந்த கூடத்தில் நின்று, ஒலிபெருக்கியில் அந்தக் காலத்து ஓசையின் பதிவைப் போட்டுக் காட்டினார். சில நொடிகள்தான். பக்கத்தில் நின்ற குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. "வேலை நேரத்தில் இதைவிடப் பல மடங்கு. பேச்சே கிடையாது, கை சாடைதான்" என்றார். க்ரியேட்டர் பற்றிக் கேட்டேன். அவருக்கு அந்த இசை பிடிக்காது. ஆனால், "பையன்கள் எங்கிருந்து கற்றார்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அப்பாக்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்தச் சத்தத்தைத்தானே" என்றார்.

இந்தச் சுரங்கம் மூடப்பட்டது 1986 டிசம்பர் 23. 'பிளஷர் டு கில்' வந்த அதே ஆண்டு. அப்பாக்களின் வேலை போய்க்கொண்டிருந்த ஊரில், பிள்ளைகள் கைக்கு எட்டாத வேகத்தில் வாசித்தார்கள். இதை நான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் நின்று அந்த ஆண்டை நினைத்தபோது அந்த ஆல்பத்தின் அவசரம் எனக்கு முதன்முறையாகப் பயமாக ஒலித்தது. மூடிய சுரங்கத்தை இடித்துவிடலாம் என்ற பேச்சும் இருந்தது. மாநில அரசு வாங்கிக் காத்தது. 2001இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அதே 2001இல்தான் 'வயலன்ட் ரெவல்யூஷன்' வந்தது. கரி கழுவிய கட்டடத்தின் கூரைமேல் நின்று அதைக் காதில் போட்டுக்கொண்டேன். அந்த ஆண்டு பின்லாந்திலிருந்து சாமி யூலி-சிர்னியோ என்ற கிட்டார் கலைஞர் குழுவில் சேர்ந்திருந்தார். ஆண்டி ஸ்னீப் இங்கிலாந்தில் தயாரித்தார். தலைப்புப் பாடலுக்கு முன் சொற்கள் இல்லாத சிறு பகுதி ஒன்று வரும், 'தி பேட்ரியார்க்' என்று. இரண்டு கிட்டார்கள் சேர்ந்து மெதுவாக ஒரு மெட்டை ஏந்திக்கொண்டு போகும். மேற்கத்தியர் மைனர் என்று சொல்லும் சுர வரிசைதான் நம் நடபைரவி. அதனால் நம் காதுக்கு அந்தத் துயரம் அந்நியமில்லை. உடனே தலைப்புப் பாடல் இடிக்கத் தொடங்கும். பழைய வேகம், பழைய கத்தல் எல்லாம் இருக்கும். மேலே அந்த மெட்டும் இருக்கும். 'எண்டோராமா'வில் கோபத்தை இறக்கி வைத்துவிட்டு மெட்டை எடுத்தவர்கள், இரண்டே ஆண்டுகளில் இரண்டையும் சேர்த்துத் தூக்கினார்கள். இடையில் அந்த 'தோல்வி' நடக்காமல் இது நடந்திருக்காது என்பதே என் எண்ணம்.

கெல்சன்கிர்ஷன்: கால்வாய்க் கரை

கெல்சன்கிர்ஷன் சோடம் குழுவின் ஊர். அதன் பாடகர் டாம் ஏஞ்சல்ரிப்பர் இளமையில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர்களுடைய 1989ஆம் ஆண்டு ஆல்பம் 'ஏஜென்ட் ஆரஞ்ச்' ஜெர்மன் விற்பனைப் பட்டியலில் இடம் பிடித்தபோது, கரி ஊர்களின் இந்த இரைச்சலை நாடு திரும்பிப் பார்த்தது.

இந்த ஊரின் நார்ட்ஸ்டெர்ன் சுரங்கம் 1993இல் மூடியது. நான்கு ஆண்டுகள் கழித்து அங்கே தேசியத் தோட்டக் கண்காட்சி நடத்திப் பூங்காவாக்கினார்கள். ரைன்-ஹெர்ன கால்வாய் ஓரமாகத் திறந்தவெளி அரங்கம் ஒன்று, கல்படிகள் அரைவட்டமாக இறங்க, மேடைக்குப் பின்னால் தண்ணீர். ஆண்டுதோறும் மெட்டல் விழா நடக்கும் இடம். நான் போனது நிகழ்ச்சி எதுவும் இல்லாத ஒரு பகல். சரக்குப் படகு ஒன்று மேடைக்குப் பின்னால் மெல்லக் கடந்தது.

2024 ஜூலையில் க்ரியேட்டர், சோடம், டெஸ்ட்ரக்ஷன், டேங்கார்டு ஆகிய நான்கு ஜெர்மன் த்ராஷ் குழுக்களும் இங்கே ஒரே நாளில் வாசித்தன. மதுக்கூடத்தில் பேசிய செவிலி அன்று இந்தப் படிகளில் நின்றிருந்தவர். அவர் சொன்னது என்னை விட்டுப் போகவில்லை: "பாட்டின் சொற்களைக் கூட்டம் பாடுவது எங்கும் நடப்பது. இங்கே கிட்டார் மெட்டையே பாடினார்கள். ஓ ஓ என்று எல்லோரும். என் பக்கத்தில் நின்று பாடியது யார் தெரியுமா, எண்டோராமாவை விற்றவர்."

கத்தலைக் கூட்டம் கேட்கலாம், திருப்பிக் கத்தலாம். மெட்டைத்தான் ஆயிரம் பேர் ஒன்றாகப் பாட முடியும். க்ரியேட்டர் கற்றுக்கொண்டது இதை என்று நினைக்கிறேன். 2012இன் 'பேண்டம் ஆன்டிகிறைஸ்ட்' ஆல்பத்தை ஸ்வீடனில் ஜென்ஸ் போக்ரனிடம் பதிவு செய்தார்கள். 'ஃப்ரம் ஃபிளட் இன்டு ஃபயர்' போன்ற பாடல்களில் பல்லவியே கூட்டத்துக்காக எழுதியதுபோல விரியும். 2017இன் 'காட்ஸ் ஆஃப் வயலன்ஸ்' ஜெர்மன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆல்ட்டனெஸ்ஸன் பையன்கள் முப்பதாண்டுகளுக்கு மேல் வாசித்த பிறகு கிடைத்த முதலிடம்.

போட்ரோப்: தண்ணீர் இறைக்கும் ஊர்

ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கமான ப்ரோஸ்பர்-ஹானியல் இங்கேதான். 2018 டிசம்பர் 21 அன்று கடைசிக் கரிக்கட்டியைக் குடியரசுத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு மூடினார்கள். அருகிலிருக்கும் கழிவுமண் குன்றில் ஏறினால் ரூர் முழுவதும் கண்ணுக்கெட்டும்வரை விரிகிறது.

அடியில் தோண்டி எடுத்த இடமெல்லாம் உட்கார்ந்துவிட்டதால், நிலம் சில இடங்களில் இருபது மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. இறைக்காமல் விட்டால் ஊர்களில் ஒரு பகுதி ஏரியாகிவிடும். பம்புகள் என்றென்றும் ஓட வேண்டும். அதற்கென்றே ஓர் அறக்கட்டளை நிதி ஒதுக்கி வைத்திருக்கிறது. நிலம் உட்காரும் இடத்தில் குழாய் புதைக்க முடியாமல் நூறாண்டுக்கும் மேல் சாக்கடையாகத் திறந்து ஓடிய எம்ஷர் ஆற்றை, 1992இல் தொடங்கி முப்பதாண்டு உழைத்து மறுபடி ஆறாக்கியிருக்கிறார்கள். நெய்வேலியிலும் பழுப்புக் கரிக்கு அடியிலிருக்கும் நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் வெட்ட முடியும். சுற்றுக் கிராமங்களின் கிணறுகள் என்ன ஆயின என்பதை அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள். கரி தீர்ந்த பிறகு அந்தப் பள்ளத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

ஹாம்: காமாட்சி அம்மன் கோயில்

ரூரின் கிழக்கு ஓரம் ஹாம். தொழிற்பேட்டை நடுவே, கிடங்குகளைத் தாண்டி, திடீரென்று ராஜகோபுரம். ஈழத் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம். 2002இல் குடமுழுக்கு நடந்தது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். பக்கத்துக் கால்வாயில்தான் தீர்த்தம்.

மதிய பூசை முடிந்து சோறு போட்டார்கள். பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் மோர்மிளகாயும். கறிவுர்ஸ்டுக்குப் பிறகு அந்த மிளகாய் காரத்தில் கண் கலங்கியது. பக்கத்தில் அமர்ந்தவர் 1980களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். "தம்பி எங்கயிருந்து வாறியள்?" என்று கேட்டார். வந்த காரணத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"என்ர மகன் கிட்டார் வாசிக்கிறவன். உந்தக் குழுவின்ர பாட்டுகள்தான் வீட்டில எந்நேரமும். முதலில இதென்ன சத்தமெண்டு சினந்தனான். பிறகு ஒருநாள் நிண்டு கேட்டன். கீழ தவில் விடாமல் அடிச்சுக்கொண்டிருக்க, மேல நாயனம் இழுத்துக்கொண்டு போற மாதிரி ஒண்டு கேட்டுது. அதுக்குப் பிறகு கதவைச் சாத்தச் சொல்லுறேல்ல."

"எந்தப் பாட்டுன்னு தெரியுமா ஐயா?"

"பேர் தெரியாது. ஆனா அந்த நாயனம் மாதிரிப் போற இடம் எனக்குப் பாடம்" என்று மெல்ல முனகிக் காட்டினார். 'வயலன்ட் ரெவல்யூஷன்'தான்.

நான் தேடி வந்த பதில் அவரிடம் இருந்தது. மல்லாரி வாசிக்கும்போது தவிலின் வேகம் நாயனத்தால் குறைவதில்லை. நாயனம் சேர்வதால் தவிலை யாரும் கோழை என்பதில்லை. த்ராஷ் ரசிகர்கள் பலர் மெட்டைச் சமரசம் என்று எண்ணுவது, மெட்டு வந்தால் தாளம் ஒதுங்கிவிடும் என்ற பயத்தால். க்ரியேட்டரில் அது ஒதுங்கவில்லை.

இந்தக் குழுவைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். 'பிளஷர் டு கில்', 'எண்டோராமா', 'வயலன்ட் ரெவல்யூஷன்' மூன்றையும் இதே வரிசையில் கேளுங்கள். நடுவில் இருப்பதைத் தாண்டிப் போகாதீர்கள். அது க்ரியேட்டரின் சிறந்த ஆல்பம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் செய்த நல்ல ஆல்பங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.